தொலைதூரக் கல்வியில் டிகிரி படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

வேலைக்குப் போய்க்கொண்டே, அல்லது வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஒரு டிகிரி முடித்துவிடலாம் என்று தேட ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த டிகிரிக்கு மதிப்பு உண்டா? நியாயமான கேள்வி. பதில் கீழே இருக்கிறது. ஆனால் பாதியில் விட்டவர்களை நான் பார்த்தவரை, மதிப்பில்லாத டிகிரியில் சேர்ந்து ஏமாந்து விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று பார்க்காமலே சேர்ந்து, இரண்டாவது மாதத்தில் திணறி, மூன்றாவது மாதத்தில் போர்ட்டலைத் திறப்பதையே நிறுத்தியவர்கள்தான் அதிகம்.

எப்போது படிப்பது, எங்கே உட்கார்ந்து படிப்பது, இந்த வருடம் எத்தனை பாடம் எடுப்பது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். எவ்வளவு படிக்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் விருப்பம் இல்லை, அது வகுப்பறை மாணவருக்கு எவ்வளவோ அவ்வளவேதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மதிப்பு உண்டா?

உண்டு, பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் முறையாக அங்கீகாரம் பெற்றிருந்தால். இது நேற்று வந்த முறை இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே, கல்லூரிக்கு வந்து படிக்காதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் அரச சாசனம் பெற்று 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இன்றும் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு அவர்கள் முன்தகுதி கேட்பதில்லை. இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1985-ல் வந்தது. நெல்சன் மண்டேலா தன் சட்டப் பட்டத்தை 1989-ல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் சிறையில் இருந்தபடியேதான் முடித்தார். அஞ்சல் வழியில் படித்த டிகிரி என்றால் குறைவு என்று யாராவது சொன்னால் அதற்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் அங்கீகாரத்தை நீங்களே பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அல்ல, ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் படத்திலும் அல்ல. அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் சொந்தத் தளத்தில். இந்தியா என்றால் பல்கலைக்கழகங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியல், அமெரிக்கா என்றால் அந்நாட்டுக் கல்வித் துறையின் தரவுத்தளம், இங்கிலாந்து என்றால் ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் வைத்திருக்கும் பதிவேடு, இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று உண்டு. அங்கே போய்ப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நீங்கள் சேரும் குறிப்பிட்ட படிப்பு, நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, தொலைதூர முறையில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். மிகப் பெரிய பெயர் உள்ள பல்கலைக்கழகத்திலும் ஒரு படிப்புக்கு மட்டும் அந்த வருடம் அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

சில துறைகளைத் தொலைதூரத்தில் படிக்கவே முடியாது, அல்லது படித்தாலும் தொழில் செய்ய உரிமம் கிடைக்காது. இந்தியாவில் 2020-ல் வந்த யுஜிசி விதிமுறைப்படி பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டிடக்கலை, சட்டம் போன்றவற்றைத் திறந்தநிலை முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. வேறு நாடுகளில் விதி வேறு மாதிரி இருக்கும், அதனால் உரிமம் வேண்டிய வேலைதான் உங்கள் நோக்கம் என்றால் பல்கலைக்கழகத்தைக் கேட்பதற்கு முன் உரிமம் கொடுக்கும் அமைப்பைக் கேளுங்கள். ஆசிரியர் வேலை, கணக்குத் தணிக்கை, உளவியல் ஆலோசனை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

போலிகளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. உங்கள் அனுபவத்தை மட்டும் வைத்து டிகிரி தருகிறோம், தேர்வு வேண்டாம், பின்தேதியிட்டுச் சான்றிதழ் தருகிறோம், இன்றைக்குள் கட்டினால் பாதிக் கட்டணம் என்று யார் சொன்னாலும் அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். இவர்கள் 'நாங்களும் அங்கீகாரம் பெற்றவர்கள்தான்' என்று காட்ட, கேள்விப்படாத பெயரில் ஒரு அங்கீகார அமைப்பையும் தாங்களே உருவாக்கி வைத்திருப்பார்கள். பெயரைத் தேடினால் தளம் ஒன்று வரும், அதனால் நம்பிவிடக் கூடாது. அந்த அமைப்பை உங்கள் அரசு ஏற்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது மணி நேரக் கணக்கு

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கிரெடிட் என்று ப்ராஸ்பெக்டஸில் போட்டிருப்பது மதிப்பெண் இல்லை, உழைப்பின் அளவு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம், முழுநேர மாணவருக்கு வருடத்துக்கு 60 கிரெடிட். பிரிட்டனில் ஒரு கிரெடிட் 10 மணி நேரம், ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட், ஆக மொத்தம் 3,600 மணி நேரம். இதில் பாடம் வாசிப்பது, வீடியோ பார்ப்பது, அசைன்மென்ட் எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அடக்கம்.

6 கிரெடிட் பாடம் ஒன்று எடுத்துக்கொள்வோம், கிரெடிட்டுக்கு 30 மணி என்றால் 180 மணி நேரம். செமஸ்டரில் உருப்படியாகப் படிக்கக் கிடைப்பது 20 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 9 மணி. ஒரே ஒரு பாடத்துக்கு! செமஸ்டருக்கு 20 கிரெடிட் எடுத்தால் 600 மணி, வாரத்துக்கு 30 மணி. அதாவது இப்போது பார்க்கும் வேலைக்கு மேல் இன்னொரு வேலை. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் எல்லாப் பாடத்துக்கும் முழு மணி நேரமும் தேவைப்படாது, ஏற்கெனவே பழக்கமான பாடம் என்றால் சீக்கிரம் முடியும். ஆனால் மூன்று வருடத்தில் முடித்துவிடலாம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது எந்த வேகத்தில் என்று இப்போது தெரிகிறது அல்லவா.

அதனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் நிச்சயமாகக் கிடைக்கும் என்று முதலில் எழுதுங்கள். ஆசைப்படும் நேரம் இல்லை, போன வாரம் உண்மையில் கிடைத்த நேரம். 15 மணி என்றால், வருடத்துக்கு 40 வாரம் படித்தால் 600 மணி. 3,600 மணி நேரப் பட்டத்துக்கு ஆறு வருடம். 10 மணிதான் என்றால் ஒன்பது வருடம். இதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகம் அனுமதிக்கும் அதிகபட்சக் காலத்தைப் பாருங்கள். உங்கள் வேகத்துக்கு அது போதவில்லை என்றால், அந்தப் படிப்பு உங்களுக்கு இப்போது ஒத்துவராது, அல்லது வாரத்தில் வேறு எதையாவது விட்டாக வேண்டும். எதை விடுவது என்று முடிவு செய்யாமல் சேராதீர்கள்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்வேன். ஓபன்லேர்ன், ஸ்வயம், எடெக்ஸ் மாதிரித் தளங்களில் நீங்கள் சேர நினைக்கும் துறையிலேயே இலவசமாகப் பார்க்கக்கூடிய கோர்ஸ் கிடைக்கும். அதில் சேர்ந்து மூன்று வாரம், நீங்கள் தாளில் எழுதிய மணி நேரம் முழுவதும் உட்காருங்கள். மூன்றாவது வாரமும் உட்கார முடிந்தால் தைரியமாகச் சேரலாம். முடியவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். துறை பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதுவும் நல்லதுதான், செலவில்லாமல் தெரிந்துகொண்டீர்கள்.

ப்ராஸ்பெக்டஸில் எதைத் தேடுவது

முதல் பத்துப் பக்கம் துணைவேந்தர் வாழ்த்து, பல்கலைக்கழக வரலாறு. அதைத் தாண்டிப் போங்கள். நமக்கு வேண்டியது பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும்: அதிகபட்சக் காலம் எவ்வளவு, அது தாண்டினால் மறுபதிவு உண்டா, ஒவ்வொரு வருடமும் தனியாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமா, அசைன்மென்டுக்கு எத்தனை சதவீதம் தேர்வுக்கு எத்தனை சதவீதம், இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டுமா, அசைன்மென்ட் கொடுக்காமல் தேர்வெழுத விடுவார்களா.

அறிவியல் பாடம் என்றால் செய்முறை வகுப்பு எங்கே, தொடர்ந்து எத்தனை நாள் என்று கண்டிப்பாகப் பாருங்கள். வேலையில் இருப்பவர்களுக்குப் பெரிய சிக்கலே அதுதான், தொடர்ச்சியாக விடுப்பு கிடைக்காமல் எல்லாத் தியரித் தாள்களும் முடித்துவிட்டுச் செய்முறைக்காக மட்டும் வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. தேர்வு மையம் எங்கே இருக்கும் என்பதும் அப்படித்தான். நேரடி வகுப்புகள் ஆன்லைனில் நடக்கும் என்றால் எந்த நேர மண்டலத்தில், பிறகு பதிவைப் பார்க்கக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, முகப்பில் போட்டிருக்கும் தொகை முழுத் தொகை இல்லை. தேர்வுக் கட்டணம், மறுதேர்வுக் கட்டணம், புத்தகம், செய்முறை, பதிவு புதுப்பித்தல், கடைசியில் பட்டச் சான்றிதழ் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, உங்கள் கணக்குப்படி எத்தனை வருடம் ஆகுமோ அத்தனை வருடத்துக்கும் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இடையில் வெளியேற வழி இருக்கிறதா. முதல் கட்டத்தோடு நிறுத்தினால் சான்றிதழ், அடுத்த கட்டத்தில் டிப்ளமோ என்று தரும் படிப்புகள் இருக்கின்றன. வாழ்க்கை எப்போது எப்படித் திரும்பும் என்று தெரியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். முன்பு எங்காவது பாதியில் விட்ட படிப்பின் கிரெடிட்டை இங்கே ஏற்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள், ஏற்பார்கள் என்றால் சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், பிறகு கேட்டால் நடக்காமல் போகலாம்.

விண்ணப்பம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும், இன்ஷியல் முன்னால் பின்னால் மாறியிருந்தால் சேரும் முன்பே சரி செய்துவிடுங்கள். அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள், வேலை மாறினால் தகவல் எல்லாம் போய்விடும். கட்டிய ரசீதையும் பதிவு எண்ணையும் போனில் மட்டும் வைக்காமல் வேறு எங்காவதும் ஒரு பிரதி வையுங்கள்.

முதல் மாதம்

புத்தகம் தபாலில் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பாடத்தைப் பிடிஎஃப் ஆகவும் தருகின்றன. சேர்ந்த வாரமே போர்ட்டலுக்குள் போய் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள்: அசைன்மென்ட் எங்கே ஏற்றுவது, அறிவிப்புகள் எங்கே வரும், நூலகத்துக்குள் எப்படிப் போவது. கடைசி நாள் இரவில் கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்று தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆன்லைன் நூலகத்தைப் பலர் கடைசிவரை திறப்பதே இல்லை. வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆய்விதழ்கள் அதற்குள் உங்கள் கட்டணத்திலேயே கிடைக்கும்.

அட்டவணையைப் பின்னாலிருந்து போடுங்கள். தேர்வுத் தேதியை எழுதுங்கள், அதற்கு முன் மூன்று வாரம் திருப்புதலுக்கு, அதற்கு முன் அசைன்மென்ட் கடைசித் தேதி, அதிலிருந்து ஒரு வாரம் கழித்துக்கொண்டு உங்கள் சொந்தக் கடைசித் தேதி. மீதி இருக்கும் வாரங்களில் யூனிட்களைப் பரப்புங்கள். ஒவ்வொரு நான்கு வாரத்துக்கும் ஒரு வாரத்தைக் காலியாக விடுங்கள். காய்ச்சல் வரும், வீட்டில் விசேஷம் வரும், அலுவலகத்தில் திடீரென்று வேலை குவியும், அந்தக் காலி வாரம் இல்லாத அட்டவணை முதல் இடியிலேயே உடைந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களிடம் பேசுங்கள், பொதுவாக 'நான் படிக்கப் போகிறேன்' என்று இல்லாமல் குறிப்பாக: செவ்வாய், வியாழன் இரவு எட்டரை முதல் பத்தரை வரை என்னைக் கூப்பிடாதீர்கள், அந்த நேரத்தில் குழந்தையை நீ பார்த்துக்கொள். நாளும் மணியும் சொன்னால்தான் மற்றவர்களால் உதவ முடியும்.

முதல் அசைன்மென்டை எந்த நிலையிலும் கொடுத்துவிடுங்கள். சுமாராக எழுதியிருந்தாலும் பரவாயில்லை. அது போய்ச் சேர்ந்து, திருத்தி, மதிப்பெண்ணும் குறிப்பும் வந்துவிட்டால் இந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று ஒரு சுற்று முழுமையாகத் தெரிந்துவிடும். முதலாவதைத் தள்ளிப் போட்டவர்களுக்கு இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும், பிறகு இரண்டையும் நினைத்தாலே புத்தகத்தை மூடத் தோன்றும்.

எப்படிப் படிப்பது

தொலைதூரக் கல்விப் புத்தகம் சாதாரணப் பாடநூல் மாதிரி இருக்காது. ஒவ்வொரு யூனிட்டின் தொடக்கத்திலும் இதை முடித்ததும் உங்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பகுதி, நடுநடுவே 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதியுங்கள்' என்று சின்னக் கேள்விகள், கடைசியில் அவற்றுக்கு விடைக் குறிப்பு. வகுப்பில் ஆசிரியர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பாரே, அந்த வேலையை இங்கே இந்தக் கேள்விகள்தான் செய்கின்றன. அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போவதும் இவற்றைத்தான். தாண்டாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு தாளில் பதில் எழுதிவிட்டு, அப்புறம் விடைக் குறிப்பைப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஒரு பக்கம், வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வராது, மாதக்கணக்கில் கழித்து வரும். மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே மூன்றாவது முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்த உணர்வை நம்ப வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒன்பது மணி நேரம் உட்கார்ந்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் நிறைய. வேறு வழியே இல்லை என்றால் சரி. ஆனால் அதே ஒன்பது மணியை நான்கைந்து நாளுக்குப் பிரித்தால் அதிகம் நிற்கும், ஒரு நாள் தவறினாலும் வாரம் முழுவதும் போகாது.

அசைன்மென்ட்

ஒரு கேள்வியை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். 'நகரமயமாதல் கூட்டுக்குடும்ப அமைப்பில் ஏற்படுத்திய மாற்றங்களை விமர்சன நோக்கில் ஆராய்க, 1,500 சொற்களுக்கு மிகாமல்.' புதிதாக எழுதுகிறவர் உடனே நகரமயமாதல் என்றால் என்ன என்று ஆரம்பித்து அறுநூறு சொல் எழுதுவார், பிறகு கூட்டுக்குடும்பம் என்றால் என்ன என்று அறுநூறு சொல், மாற்றங்களுக்கு மிச்சம் முந்நூறு சொல். எழுதியது எல்லாம் சரியாகவே இருக்கும், மதிப்பெண் மட்டும் வராது. ஏனென்றால் கேட்டது மாற்றங்களை. அதுவும் விமர்சன நோக்கில், அதாவது இந்த மாற்றங்களுக்கு நகரமயமாதல்தான் காரணம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்களா, மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், எந்தப் பக்கத்தின் ஆதாரம் வலுவானது என்று நீங்கள் எடைபோட வேண்டும்.

நான் என்றால் இப்படிப் பிரிப்பேன்: அறிமுகமும் இரண்டு வரையறைகளும் சேர்த்து 150 சொல், மூன்று முக்கிய மாற்றங்களுக்குத் தலா 350, நகரத்துக்கு வந்தும் உறவு விடாமல் பணமும் பொறுப்பும் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களை எப்படிப் புரிந்துகொள்வது என்ற எதிர்வாதத்துக்கு 150, முடிவுக்கு 150. மொத்தம் 1,500. எழுத ஆரம்பிக்கும் முன் இந்தக் கணக்கைத் தாளின் மேல் எழுதிவிட்டால் வழி தவறாது. 'விவரி', 'ஒப்பிடு', 'மதிப்பிடு', 'ஆராய்க' என்று ஒவ்வொரு கேள்வியும் எந்த வினைச்சொல்லில் முடிகிறது என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

திருத்தி வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஓரத்தில் ஆசிரியர் எழுதும் இரண்டு வரிதான் தொலைதூரக் கல்வியில் உங்களுக்கென்றே ஒருவர் சொல்லித்தரும் இடம். அந்தக் குறிப்புகளை எல்லாம் ஒரே நோட்டில் எழுதி வைத்து, அடுத்த அசைன்மென்டை அனுப்பும் முன் அதைப் பார்த்துச் சரிபாருங்கள்.

யூடியூபிலும் டெலிகிராமிலும் எழுதித் தயாராக விற்கும் விடைகளை வாங்காதீர்கள். ஒரே விடை நூறு பேரிடமிருந்து வந்தால் திருத்துபவருக்குத் தெரியாமல் போகாது, நகலைக் கண்டுபிடிக்க மென்பொருளும் இருக்கிறது. ஏஐ கருவிகளைப் பொறுத்தவரை உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்று முதலில் வாசியுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. புரியாத ஒரு கருத்தை விளக்கச் சொல்லிக் கேட்பது வேறு, எழுதச் சொல்லி அப்படியே ஒட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் தேர்வறையில் கையில் ஒன்றும் இருக்காது.

கேட்கத் தெரிய வேண்டும்

டியூட்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 'சார், யூனிட் நான்கு புரியவில்லை, விளக்கவும்' என்று எழுதினால் அவரால் என்ன செய்ய முடியும், முழு யூனிட்டையும் மறுபடி எழுத முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம் அம்மா. புள்ளியியல் பாடம், யூனிட் 4, இரண்டாவது எடுத்துக்காட்டு. திட்ட விலக்கம் கணக்கிடும்போது மொத்த எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு வகுத்திருக்கிறார்கள். யூனிட் 3-ல் அப்படிக் கழிக்கவில்லை. இங்கே இருப்பது மாதிரித் தரவு, அங்கே முழுத் தொகுதி என்பதால்தான் இந்த வித்தியாசமா? என் கணக்கைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.'

இதற்கு இரண்டு வரியில் பதில் வந்துவிடும். எழுதும்போதே பாதி விளங்கியும் விடும்.

உங்களோடு சேர்ந்தவர்களில் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் தேர்வுத் தேதி வதந்திதான் அதிகம் ஓடும். தேதிகளை எப்போதும் பல்கலைக்கழகத் தளத்தில் மட்டும் பாருங்கள். மூன்று பேர் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பேசி, ஆளுக்கொரு யூனிட்டை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது போதும்.

பின்தங்கிவிட்டால்

எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் நடக்கும். அப்போது செய்யக் கூடாதது ஒன்றுதான், சத்தமில்லாமல் காணாமல் போவது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அசைன்மென்டுக்கு அவகாசம் கேட்கலாம், ஒரு பாடத்தை அடுத்த சுற்றுக்குத் தள்ளலாம், தேர்வை அடுத்த முறை எழுதலாம். ஆனால் இவற்றுக்கு எல்லாம் ஒரு கடைசித் தேதி உண்டு, அது தாண்டிய பிறகு கேட்டால் பணமும் போகும் ஒரு முயற்சியும் போகும். நான்கு பாடம் எடுத்துத் திணறுகிறீர்கள் என்றால் இரண்டைத் தள்ளிவிட்டு மீதி இரண்டை முடியுங்கள். நான்கிலும் அரைகுறையாக நின்று நான்கையும் கோட்டைவிடுவதைவிட, கையில் இரண்டு தாள் தேறியிருந்தால் அடுத்த செமஸ்டருக்குத் தெம்பாகப் போகலாம்.

மாற்றுத்திறனாளி என்றால் சேரும்போதே சொல்லிவிடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர், பெரிய எழுத்துத் தாள், ஒலிவடிவப் பாடம் போன்றவற்றுக்கு ஏற்பாடு இருக்கலாம், ஆனால் தேர்வுக்கு முந்தின வாரம் கேட்டால் ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் இருக்காது.

தேர்வு

மையத்துக்குப் போய்ப் பேனாவால் எழுதும் தேர்வு என்றால், வருடக்கணக்கில் விசைப்பலகையில் மட்டுமே எழுதியவர்கள் கைக்குப் பயிற்சி கொடுங்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத முடியாமல் கை வலித்து, தெரிந்த பதிலை விட்டுவிட்டு வருவது கொடுமை. கடைசி மூன்று வாரத்தில் பழைய கேள்வித்தாள்களை எடுத்துக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதும் தேர்வு என்றால் மென்பொருளை முன்கூட்டியே நிறுவி, அவர்கள் தரும் மாதிரித் தேர்வை, தேர்வு நாளில் உட்காரப்போகும் அதே அறையில், அதே கணினியில், அதே இணைப்பில் எழுதிப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். அறுந்த நேரத்தில் அதை ஆன்லைனில் தேட முடியாது.

எல்லாத் தாளும் தேறியதும் பட்டம் தானாக வீடு தேடி வரும் என்று இருந்துவிடாதீர்கள், பல இடங்களில் தனியாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டினால்தான் தருவார்கள். வெளிநாட்டில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போவதாக இருந்தால் 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானதுதான் என்று அரசு சான்றளிக்கும் முத்திரை வாங்க வேண்டியிருக்கும், மற்ற நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம். கூடவே நீங்கள் படித்த வருடத்தின் பாடத்திட்டத்தையும் கிரெடிட் விவரத்தையும் பிடிஎஃப் ஆக இறக்கி இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். தகுதியை மதிப்பிடும் அமைப்புகள் அதைத்தான் கேட்கும், பாடத்திட்டம் மாறியதும் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து பழையது எடுக்கப்பட்டுவிடும்.